ஓசி ஆளுக்கு ஓர் அதிகாரி

அப்பு, துறையில தன்னார்வலர் திட்டத்துக்கு நீதான் இயக்குநர்னு ஆர்டர் வந்துருச்சாமே. உங்க ஆத்தா தெருவெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுக்குறா. கொடுக்கட்டும், நானும் ரெண்டு தடவை வாங்கித் தின்னேன். ஆனா ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதே. உனக்குக் கீழ ஆயிரம் பேர் இருப்பான், ஒருத்தனுக்கும் நீ மெமோ கொடுக்க முடியாது. இன்கிரிமென்ட்டை நிறுத்த முடியாது, தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்த முடியாது. அவனாப் பாத்து வர்றான், நாளைக்கு அவனாப் பாத்து வராம இருந்துக்குவான். மெமோவையும் மாறுதலையும் பிடுங்கிட்டா உங்க ஆளுக எப்படி வேலை வாங்குவாங்கன்னு பாக்க எனக்கு ரொம்ப நாளா ஆசை. ஆண்டவன் என் பேரனை வச்சே காட்டுறான்.

சீக்கிரம் பேர் வாங்கணும்னா தாத்தன் வழி சொல்றேன். முதல்ல ஒரு செயலி செய்யச் சொல்லு. அது சிக்னல் உள்ள ஊர்ல மட்டும் வேலை செய்யணும். பிறகு லோகோ, அப்புறம் டீ-சர்ட். அதுல அளவெல்லாம் பாக்காதே, எல்லாருக்கும் எக்ஸ்.எல்.லே கொடு. தொண்டர் வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, முடிச்சதும் ஒரு போட்டோ, ரெண்டுலயும் இடமும் நேரமும் பதிவாயிருக்கணும். நடுவுல வேலை நடந்துச்சான்னு யாரும் கேக்கப் போறதில்ல. வாரக் கடைசியில அதே விவரத்தை எக்செல்லுலயும் கேளு. 'இன்னும் அனுப்பாதவர்கள்'னு வாட்ஸ்அப் குரூப்புல பேர் பட்டியலை ராத்திரி பதினோரு மணிக்குப் போடு. மூணே மாசத்துல குரூப்புல நீயும் உன் டைப்பிஸ்ட்டும் மட்டும்தான் இருப்பீங்க. திட்டம் கச்சிதமா முடிஞ்சுரும்.

சேர வர்றவன்கிட்ட ஆதார், பேன், பாஸ்புக் நகல், மூணு பாஸ்போர்ட் போட்டோ, கெசட்டட் ஆபீசர் கையெழுத்துன்னு நீட்டுவீங்க. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்குற கதை. ஆனா பச்சைப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு ஆள் அனுப்புறப்ப மட்டும் தாத்தன் பேச்சைக் கேக்காதே. அங்கே பல்லையும் பாரு, காலையும் பாரு, போலீஸ் விசாரணையும் வை. அதை ஒரு தடவையில முடிச்சுரு. வருஷா வருஷம் புதுசாக் கேட்டா அவனுக்கு ரோஷம் வந்துரும்.

எனக்கு என்ன தெரியும்னு நினைப்பே. 1991-ல நம்ம புதுக்கோட்டையில அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தப்போ நானும் தொண்டன்தான். அப்போ ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்தறிவுன்னு சொன்னா ஜனம் கொட்டாவி விடும்னு தெருவுல கூத்துக் கட்டிப் பாட்டுப் பாடினாங்க. சாயங்காலம் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்துல பொம்பளைங்க உக்காந்து அ, ஆ போட்டாங்க. எங்களுக்குப் பத்து பைசா சம்பளம் கிடையாது. அப்படியும் ஊருக்கு ஊர் ஆள் நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு உங்க கருத்தரங்குல பெரிய பெரிய காரணமாச் சொல்வாங்க. நான் பாத்ததைச் சொல்றேன். பத்தாவது முடிச்சுட்டு வீட்டுக்குள்ள முடங்கிக் கிடந்த பொண்ணு, 'பாடம் நடத்தப் போறேன்'னு சொல்லிட்டுச் சாயங்காலம் தெருவுல தலைநிமிந்து நடந்தா. அவ அப்பனால தடுக்க முடியலை, கலெக்டரே சொன்ன வேலையாச்சே! அவளுக்குச் சம்பளமே அதுதான்.

அப்புறம் சைக்கிள். படிப்போட சேத்துப் பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. அந்தக் காலத்துல பொட்டப்பிள்ளை சைக்கிள் மிதிச்சா ஊரே வேலையை விட்டுட்டுப் பேசும். பேசுச்சு, பேசி ஓஞ்சுச்சு. ஆயிரக்கணக்கான பொம்பளைங்க ஏறிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கடையில தட்டுப்பாடாயி, ஜென்ட்ஸ் சைக்கிளையே மிதிச்சாங்க. முன்னால பார் இருந்தா பிள்ளையை உக்கார வைக்கத் தோதுன்னு அதையே கேட்டு வாங்கினவங்களும் உண்டு. யுனிசெஃப்காரங்க அறிவொளிப் பெண் தொண்டர்களுக்காக 50 மொபெட் ஒதுக்கினாங்க. இப்போ நீ சொல்லு, அந்த சைக்கிளை எந்தக் கோப்புல 'செலவினத் தலைப்பு' போட்டு எழுதுவே? தொண்டுக்கு வர்றவனுக்கும் ஏதோ ஒன்னு வேணும் அப்பு. துட்டா இருக்காது, வேற ஏதோ. அது என்னன்னு மோப்பம் பிடிக்கிறதுதான் உன் உத்தியோகம், மத்ததெல்லாம் கிளார்க் பாத்துக்குவார்.

நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பாரு. 1969-ல காந்தி நூற்றாண்டுல ஆரம்பிச்சது. வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துக்கு 240, ஒரு ஏழு நாள் முகாம். பையன் சர்டிபிகேட்டுக்குத்தான் வர்றான்னு வாத்தியார் முகம் சுளிப்பார். வரட்டுமேய்யா! சர்டிபிகேட்டுக்கு வந்தவன் கண்மாயில கருவேலம் வெட்டினா மரம் விழாதா?

துட்டு விஷயத்துக்கு வர்றேன், இதைக் கொஞ்சம் நின்னு கேளு. இல்லம் தேடிக் கல்வியை 2021 அக்டோபர்ல விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்துல முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வச்சாரு. கொரோனாவுல விட்டுப்போன பாடத்தைச் சாயங்காலம் 5 மணிக்கும் 7 மணிக்கும் நடுவுல தெருவுலயே சொல்லிக் கொடுக்கிற வேலை. மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைன்னு வச்சாங்க. வந்தவங்கள்ல முக்கால்வாசிக்கு மேல பொம்பளைங்கதான், அறிவொளிக்காரி மகளுங்க மாதிரி. ஆயிரம் ரூபாய் சம்பளம் இல்லைதான். ஆனா கொடுக்கிறேன்னு சொல்லிட்டா அது கடன். சும்மா வான்னு கூப்பிட்டா சும்மா வருவான். காசு தர்றேன்னு கூப்பிட்டு மூணு மாசம் இழுத்தடிச்சா அவன் தொண்டனும் இல்ல, ஊழியனும் இல்ல, உன்மேல வழக்குப் போட்டவன் மாதிரி ஆயிருவான். எந்தத் துறைன்னு சொல்ல மாட்டேன், ஒரு இடத்துல பயனீட்டுச் சான்று வரலைன்னு ஊக்கத்தொகையை நிறுத்தி வச்சுட்டு, தொண்டர்களைப் பாராட்ட விழா எடுத்தாங்க. சால்வைக்கு மட்டும் ஃபண்ட் இருந்துச்சு. பொன்னாடையைப் போத்திக்கிட்டு பஸ்ஸுக்குக் காசில்லாம நின்ன பிள்ளையை என் கண்ணால பாத்தேன்.

இதைவிட நைசான திருட்டு ஒன்னு இருக்கு. காலிப் பணியிடம் நாலு இருக்கும், ஆள் எடுக்க நிதித்துறை ஒத்துக்காது. உடனே ஒரு புத்திசாலி, 'ஏன் சார், தன்னார்வலரைப் போட்டுக்கலாமே'ம்பான். அவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிரு, கருத்துருவில மட்டும் கையெழுத்துப் போடாதே. அங்கன்வாடியை 1975-ல ஆரம்பிச்சாங்க. வேலை முழு நேரம், கூலிக்குப் பேர் மதிப்பூதியம். தேர்தல் வந்தாலும் அவங்களைக் கூப்பிடு, கணக்கெடுப்பு வந்தாலும் அவங்களையே கூப்பிடு. 2022-ல உச்ச நீதிமன்றம் ஒரு குஜராத் வழக்குல, அவங்களுக்கும் பணிக்கொடை உண்டுன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. கிராமத்துல சுகாதார வேலை பாக்குற ஆஷா பொண்ணுங்களை 2005-ல இருந்து 'தன்னார்வலர்'னே வச்சிருக்காங்க. பிரசவ வலிக்கு நடு ராத்திரியில கதவைத் தட்டினா ஓடுறவளுக்கு அந்தப் பேர்! தினமும் செய்யணும், செய்யலைன்னா கேள்வி வரும்னா அது வேலை அப்பு. வேலைக்குச் சம்பளம் கொடுக்கணும். தொண்டன் வராத அன்னைக்கும் உன் ஆபீஸ் நடக்கணும், அவன் வந்த அன்னைக்குக் கொஞ்சம் நல்லா நடக்கணும். அவ்வளவுதான் அவன்கிட்ட எதிர்பாக்கலாம்.

ஆபத்துக் காலத்துல ஆள் தானாக் கூடும், அப்போ உனக்குக் கஷ்டம் வேற மாதிரி. 2004 சுனாமிக்கு நாகப்பட்டினத்துல பழைய துணி ரோட்டோரம் மலையாக் கிடந்துச்சு. கொடுத்தவன் மனசு தங்கம்தான், எடுத்துக் கட்டத்தான் ஆளில்ல. அதனாலதான் ஆப்த மித்ராங்கிற பேரிடர்த் தொண்டர் திட்டத்துல வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே உள்ளூர்க்காரனுக்கு 12 நாள் பயிற்சி கொடுக்கிறாங்க. மழை பெய்யுறப்போ பயிற்சிக்கு டெண்டர் விடாதே.

இன்னொன்னு. தொண்டரை மந்திரி கூட்டத்துக்கு நாற்காலி ரொப்பக் கூட்டிட்டுப் போகாதே. பிரியாணி கொடுத்தாலும் போகாதே. ஒருத்தன் வேலையை விட்டுப் போனா, ஏன் போறேன்னு போன் போட்டுக் கேளு. உண்மையைச் சொல்றதால அவனுக்கு இழக்க ஒன்னுமில்ல. உன் ஆபீஸ்ல அப்படி வேற யாரு இருக்கா?

போதும், மீதியைப் பட்டுத் தெரிஞ்சுக்கோ. அடுத்த மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள உன் ஆளுகளுக்கு ஊக்கத்தொகை போய்ச் சேந்துச்சுன்னா தாத்தனுக்கு ஒரு போன் போடு. சேரலைன்னா எனக்குப் போடாதே, அவங்களுக்குப் போட்டு மன்னிப்புக் கேளு.