மறுபதிப்பு அண்ணாச்சி

ஒருகாலத்தில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்புகளில் சாயங்காலம் ஆனால் ரசம் தாளிக்கிற வாசனை வரும். தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம் இங்கே இருப்பதால் வேலைக்கு வந்த நம்மவர்கள், வங்காளம் பேசப் பழகி, பிள்ளைகளைக் கரையேற்றி, ஓய்வு பெற்றதும் கிளம்பிவிட்டார்கள். பாதிப் பேர் ஊருக்கு. மீதிப் பேர் முருங்கைக்காயும் வாழையிலையும் கிடைக்கிற லேக் மார்க்கெட் பக்கம். போகாமல் இருப்பவர் மறுபதிப்பு அண்ணாச்சி. ஏன் என்று கேட்டால், "பீரோவை யாரை நம்பி லாரியில ஏத்துறது?" என்பார்.

பீரோ இரண்டு. ஒன்றில் முத்து, லயன் காமிக்ஸ். இன்னொன்றில் ராணி, திகில், மினி லயன், இன்னும் பேர் மறந்துபோன பலதும். துணிமணிக்கு அதில் இடமில்லை. மதினியின் கல்யாணப் பட்டு கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. ஹூக்ளிக் கரை ஈரத்தில் பட்டு பூசணம் பிடித்தால் அண்ணாச்சி "வெயில்ல போடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். காமிக்ஸில் ஒரு இராமபாணப் பூச்சி தென்பட்டால் மட்டும் வீடே போர்க்களம். அந்துருண்டை, வேப்பிலை, கற்பூரம் எல்லாம் உள்ளே போகும். அண்ணாச்சி கிட்டே வரும்போதே ஆளில்லாத கோயில் மண்டப வாசனை வருவது இதனால்தான்.

காமிக்ஸ் படிப்பவர்களோடு இந்த ரகத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. படிப்பவர் புதுக் கதை கேட்பார். அண்ணாச்சி கேட்பது பழைய கதையின் புதுப் பதிப்பு. அது வந்துவிட்டால் அவருக்குத் தேவைப்படுவது, அதில் ஒரு குறை.

சிவகாசியிலிருந்து மறுபதிப்புப் பார்சல் வருகிற நாள் அந்தத் தெருவுக்கே தெரியும். கொரியர் பையன் மாடிப்படி ஏறும்போதே மேலேயிருந்து "ஆஸ்தே! ஆஸ்தே!" என்று, மெதுவாக வரச் சொல்லி, குரல் வரும். பையன் முதல் தடவை உள்ளே கண்ணாடிச் சாமான் என்று நினைத்தானாம். பார்சலை வாங்கியதும் அண்ணாச்சி கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உலரும்வரை விசிறியடியில் நிற்பார். பிளேடு கூடாது, அட்டையில் கீறிவிடும். ஒட்டுநாடாவை நகத்தால் நெம்பி நெம்பிப் பிரிப்பதற்குள் மதினி சோறு வடித்துவிடுவார்.

பிரித்ததும் முகர்வார். "மை வாசம் சரியில்ல தம்பி. அந்தக் காலத்து மை நெத்தியில ஏறும்." அப்புறம் முதுகுப் பக்கத்தைத் தடவுவார், பின் துருப்பிடிக்காத ரகமா என்று பார்ப்பார், தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். கடைசியாகப் பீரோவிலிருந்து பழைய இதழை இரண்டு கையாலும் ஏந்தி வந்து கட்டிலில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியோடு குனிந்துகொள்வார். வயிறு பசித்தால்கூட நிமிர மாட்டார்.

ஒரு தடவை "அய்யோ!" என்று அலறினார். மதினி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். விஷயம் இதுதான்: பழைய இதழில் ஒரு பேச்சுக் குமிழுக்குள் 'கொள்ளயர்' என்று இருந்தது. மறுபதிப்பில் அதைக் 'கொள்ளையர்' என்று திருத்திவிட்டார்கள்.

"சரியாத்தானே அண்ணாச்சி இருக்கு?"

"பத்து வயசுல நான் பயந்தது கொள்ளயரைப் பாத்து. இவனுக யாரு புதுசா?"

அச்சு மங்கினால், "காசைக் கரியாக்கிட்டான்." பளிச்சென்று வந்தால், "காலண்டர் மாதிரி இருக்கு." கறுப்பு வெள்ளையில் வந்தால், "கலர்ல போட்டிருக்கலாம்." கலரில் வந்தால் கேட்கவே வேண்டாம்.

1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது இரும்புக்கை மாயாவி. மின்சாரம் தாக்கினால் உடம்பு முழுக்க மறைந்து இரும்புக் கை மட்டும் தெரிகிற அந்த ஆசாமி, 1962 அக்டோபரில் லண்டனிலிருந்து வந்த 'வேலியண்ட்' வார இதழில் பிறந்தவன். பேர் லூயிஸ் கிராண்டெல். வரைந்தவர் ஹேசூஸ் பிளாஸ்கோ என்கிற ஸ்பானியர். அண்ணாச்சிக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். 'கூர்மண்டையன்' என்று அண்ணாச்சி ரகத்தினர் செல்லமாகக் கூப்பிடுகிற ஸ்பைடருக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பதும் தெரியும். 1975இலேயே பிரிட்டனில் 'வல்கன்' என்று ஒரு வார இதழ், இந்த மாயாவியையும் ஸ்பைடரையும் மறுபதிப்பாகப் போட்டே வண்டி ஓட்டியது என்பதும் தெரியும். அந்தப் பழைய சரக்கின் உரிமையை 2018இல் ரெபெல்லியன் என்கிற நிறுவனம் வாங்கி, இப்போது அழகழகாகத் தொகுத்துப் போடுகிறது. அதிலும் ஒன்று வைத்திருக்கிறார்.

"அப்போ மூலம் அதுதானே அண்ணாச்சி?"

"அது ரஃப் காப்பி தம்பி. ஃபேர் காப்பி சிவகாசியில போட்டது."

அடுத்த வீட்டு தாதா, கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வங்காளி. அவரும் இதே நோயாளிதான், வார்டு மட்டும் வேறு. அவருக்குத் தெய்வம் நாராயண் தேவ்நாத். 1962இல் ஹாண்டா போண்டா, 1965இல் பாண்டுல் என்று 'சுக்தாரா' பத்திரிகையில் படம் போட ஆரம்பித்து, 2022இல் மறைகிறவரை ஆற்றுக்கு அக்கரையில் ஷிப்பூரில் இருந்தவர். எல்லாவற்றையும் சேர்த்துக் கனமான தொகுதிகளாகப் போட்டபோது தாதா வாங்கினார், தடவினார், முகர்ந்தார், முகம் வாடினார். சுக்தாராவில் பாண்டுலின் சிவப்பு வேறு சிவப்பாம்.

இரண்டு பேரும் சாயங்காலம் பால்கனியில் எலுமிச்சை டீயோடு உட்கார்ந்தால் தகராறு லீ ஃபாக் படைத்த காமிக்ஸ் நாயகர் வேதாளரில்தான் தொடங்கும். தாதாவுக்கு அவர் அரண்யதேவ். இந்திரஜால் காமிக்ஸ் வங்காளத்தில் வந்த காலத்து நண்பர். ஆங்கிலத் தொடரில் வேதாளரின் காடு இருந்த நாட்டுக்கு ஏறக்குறைய வங்காளத்தின் பேரையே வைத்திருந்தார் லீ ஃபாக். இந்தியாவில் வம்பு எதற்கு என்று இந்திரஜால்காரர்கள் அதை 'டெங்காலி' ஆக்கினார்கள். ஆக, வேதாளர் சட்டப்படி எங்கள் வீட்டுப் பிள்ளை என்பது தாதாவின் கட்சி. சரி, மறுபதிப்பில் பழைய பேரையே போட்டுவிடலாமா என்று கேட்டேன். தாதா பதறிப்போனார். "சேச்சே, டெங்காலிதான் இருக்கணும். நான் படிச்சது டெங்காலி!" அன்றைக்கு அண்ணாச்சி எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு தமிழனும் வங்காளியும் இவ்வளவு ஒத்துப்போனதை நான் பார்த்ததில்லை.

இந்த ஊர் ராசி அப்படி என்று ஒரு சித்தாந்தம் வைத்திருக்கிறார் அண்ணாச்சி. 1856இல் வெள்ளைக்காரன் நாட்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிய அவத் நவாப் வாஜித் அலி ஷா வந்து குடியேறியது இங்கே, மடியாபுருஜில். சும்மா இருந்தாரா? 1887இல் சாகும்வரை மசூதி, இமாம்பாடா, மிருகக்காட்சி சாலை, காற்றாடி, பாட்டுக் கச்சேரி என்று லக்னோவையே இந்த ஆற்றங்கரையில் திரும்பக் கட்டினார். "பாருங்க தம்பி, ஒரு ஊருக்கே மறுபதிப்புப் போட்ட மனுஷன்!" பிரியாணியில் உருளைக்கிழங்கு வந்ததும் அவர் சமையல்கட்டிலிருந்துதான் என்று இங்கே சத்தியம் பண்ணுவார்கள். அண்ணாச்சி அதை மன்னிக்கவில்லை. "மூலத்துல இல்லாததை நடுவுல சொருகிட்டாரே" என்று சொல்லிக்கொண்டே அந்த உருளைக்கிழங்கை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பார். கடைசியில் தின்றுவிடுவார்.

அமெரிக்காவில் இருக்கிற மகன், அப்பாவைச் சந்தோஷப்படுத்த நினைத்து 'கிரீப்பி' பத்திரிகையின் கெட்டி அட்டைத் தொகுப்பு ஒன்றை அனுப்பினான். அந்த நாட்டில் 1954இல் காமிக்ஸ் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று செனட் வரை விசாரணை நடந்து, பதிப்பாளர்களே தங்களுக்கு ஒரு கட்டுப்பாட்டு விதி போட்டுக்கொண்டார்கள். பேய்க்கதை இதழ்கள் மூச்சுவிடாமல் செத்தன. பத்து வருஷம் கழித்து, 1964இல், வாரன் என்கிற பதிப்பகம் ஒரு தந்திரம் பண்ணியது: பெரிய அளவு, கறுப்பு வெள்ளை, 'இது காமிக்ஸ் இல்லை, பத்திரிகை' என்று ஒரு போடு. விதி பத்திரிகையைக் கட்டுப்படுத்தாது. பேய்கள் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தன. அதைத்தான் 2008 முதல் டார்க் ஹார்ஸ் தொகுத்துப் போட்டது.

அண்ணாச்சி புரட்டினார். எலும்புக்கூடு, ஓநாய் மனிதன், ரத்தக்காட்டேரி. "நம்ம 'திகில்' முன்னால இதெல்லாம் கால்தூசி" என்று தள்ளப் போனவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். அரை மணி நேரம் ஆளே அசையவில்லை. எட்டிப் பார்த்தேன். பேய் இல்லை, வாசகர் கடிதங்கள். அந்தப் பழைய கடிதப் பக்கங்களையும் விடாமல் மறுபதிப்பில் சேர்த்திருந்தார்கள்.

"பாத்தீங்களா தம்பி! யாரோ ஒருத்தன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் தெரியுது, எழுதின கடுதாசி. அதைக்கூட விடலை!"

குரல் கம்மியிருந்தது. மதினிதான் ரகசியத்தை உடைத்தார். எண்பதுகளில் இவர் ஒரு காமிக்ஸுக்குக் கார்டன் ரீச் விலாசம் போட்டு எழுதிய நாலு வரி, கடிதப் பகுதியில் அச்சாகியிருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது ஜாதகத்தோடு அந்த இதழையும் கொண்டுவந்தாராம். அதே கதை பிற்பாடு மறுபதிப்பாகி வந்தது. கதை இருந்தது, கடிதம் இல்லை. மை வாசமும் கொள்ளயரும் அன்றைக்குப் பிறகு கண்டுபிடித்த குறைகள்.

வெளியே யாரிடமும் இதைச் சொல்ல மாட்டார். வெளியே அவர் கொள்கைக்காரர். 'ரத்தப் படலம்' என்கிற காமிக்ஸ் தொடர் கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாக 2010இல் வந்தது. அதன் பிரதி கைக்குக் கை மாறும்போது விலை எங்கேயோ போனது. ஏழை வாசகனுக்கும் கிடைக்க வேண்டும், உடனே மறுபதிப்புப் போடுங்கள் என்று ஆசிரியருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதியவர்களில் அண்ணாச்சியும் உண்டு. 2018இல் வண்ணத்திலேயே வந்துவிட்டது. அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. பீரோவில் இருந்த பழைய பிரதியின் மவுசு போயிற்றே! விற்கப் போகிறாரா என்றால் அதுவும் இல்லை. பெற்ற மகனுக்கே தொடக் கொடுக்காத புத்தகம் அது.

போன வாரம் போயிருந்தேன். மேஜையில் முழு நீளத் தாளில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். விண்ணப்பத்தின் சாரம்: இதுவரை வந்த மறுபதிப்புகளை, பழைய எழுத்துப் பிழைகள், பழைய விளம்பரங்கள், பழைய வாசகர் கடிதங்கள் சகிதம், மறுபடியும் மறுபதிப்புச் செய்ய வேண்டும்.

காபி கொண்டுவந்த மதினி எட்டிப் படித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அப்படியே இந்த மனுஷனுக்கும் ஒரு மறுபதிப்புப் போடச் சொல்லி எழுதுங்க தம்பி. பிழையெல்லாம் திருத்தி."

அண்ணாச்சி பேனாவை மூடாமலே நிமிர்ந்தார்.

"கலர்லயா, கறுப்பு வெள்ளையா?"