உக்காருங்க அத்தை!

எங்கள் ஆச்சிக்கு உடற்பயிற்சி என்றால் என்னவென்றே தெரியாது. விடியுமுன் வாசல் தெளிப்பாள், கிணற்றில் இறைப்பாள். ஆட்டுரல் முன் ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி உட்கார்ந்தால், வலக்கை குழவியைச் சுற்றும், இடக்கை மாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். விரல் சிக்கி நான் பார்த்ததில்லை. "வாக்கிங் போங்க ஆச்சி" என்று யாராவது சொல்லியிருந்தால் உலக்கையைத் தூக்கியிருப்பாள்.

இப்போது எனக்கு அரைக்க கிரைண்டர், துவைக்க மெஷின், ஏற லிஃப்ட். காய் நறுக்கலாமென்று எழுந்தால் "நீங்க உக்காருங்க அத்தை" என்பாள் மருமகள், அன்பாகத்தான். மகன் கட்டிவிட்ட வாட்ச்சோ மணிக்கொரு தரம் 'எழுந்திரு' என்று அதிர்கிறது. டாக்டர் வாட்ச் கட்சி. ஆகவே, சேலைக்குக் கீழே ஷூ மாட்டிக்கொண்டு மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுற்றுகிறேன்.

இந்த நடை நோயெதிர்ப்புக்கும்தான். வயதாக ஆக தைமஸ் சுரப்பி சுருங்கி, கிருமிகளோடு மோதும் புது டி-செல்கள் வருவது குறைந்துபோகிறது. நடக்கும்போது நோயெதிர்ப்பு அணுக்கள் ரத்தத்தில் இறங்கி ரோந்து சுற்றிவிட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடுகின்றன. அதனால்தான் தினசரி நடை. சியாட்டிலில் மாதவிடாய் நின்ற 115 பெண்களை ஓராண்டு கவனித்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு வாரம் 5 நாள், 45 நிமிட மிதமான பயிற்சி. மற்றதற்கு வாரமொருமுறை கைகாலை நீட்டி மடக்குவது மட்டும். கடைசி 3 மாதங்களில், நீட்டி மடக்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். கவனியுங்கள், கடைசி 3 மாதங்களில். முதல் வாரமே பலன் கேட்டு, கிடைக்காத கோபத்தில் பூங்கா வாசலில் மெதுவடை தின்னும் என் சிநேகிதிகளுக்கு இதைச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

இதை வைத்து 'அந்தக் காலமே பொற்காலம்' என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடாதீர்கள். ஆச்சி செய்தது பயிற்சியல்ல, பாடு. காய்ச்சலென்றாலும் உரலுக்கு லீவு கிடையாது. அறுபதிலேயே முட்டி தேய்ந்து சுவரைப் பிடித்து நடந்தாள். மூச்சு வாங்கினால் பெஞ்சில் உட்காரும் சலுகை எனக்குத்தான்.

65 தாண்டியவர்களுக்கும் வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். மருமகள்களே, அத்தை எழுந்தால் கத்தியையும் காயையும் கொடுத்துவிடுங்கள். அத்தைமார்களே, நடக்கிறோமே என்று ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.