கிளிக்கியல்: சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்கின் ஒலி இலக்கணம்

மாத்திரைக்கு அளவு சொன்ன தமிழ் இலக்கணக்காரர்கள் கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் காட்டிவிட்டுப் போனார்கள். லேப்டாப் அவர்கள் காலத்தில் இல்லை. ஆகவே அதன் ஹார்ட் டிஸ்க் சாகும் தறுவாயில் எழுப்பும் ஒலிகள் இன்றுவரை இலக்கணம் இல்லாமலே கிடக்கின்றன. அக்குறையைத் தீர்ப்பது இந்நூலின் நோக்கம். ‘நூல்’ என்றது ஆசைபற்றி வந்த மிகை. கட்டுரை என்றே கொள்க.

முதலில் பிறப்பியல். மனிதக் குரல் பிறக்க நெஞ்சும் மிடறும் நாவும் அண்ணமும் வேண்டும். லேப்டாப் டிஸ்குக்கு இரண்டரை அங்குல வகைத் தகடு, அதைச் சுழற்றும் மோட்டார், தகட்டின்மேல் போய்வரும் ஒரு கை, கையின் நுனியில் ‘ஹெட்’ ஆகியவை போதும். பெரும்பாலான லேப்டாப் டிஸ்குகள் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று சுழல்கின்றன. தகட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க, ஹெட் அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. சிகரெட் புகையின் துகள்கூட அந்தச் சந்துக்குப் பெரியது. ‘உள்ளே என்னதான் இருக்கு, பார்ப்போம்’ என்று ஸ்க்ரூடிரைவரோடு மூடியைக் கழற்றுகிறவர் இவ்வியலைப் படிக்காதவர்.

ஒலி நால்வகைப்படும். மோட்டாரின் ‘ம்ம்ம்’ உயிரொலி. அது இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. சும்மா இருக்கும்போது எப்போதாவது ஒருமுறை வரும் ‘டிக்’ குற்றியல் கிளிக்கு. ஹெட் தன் நிறுத்துமேடையில் ஏறி உட்காரும் சத்தம் அது, நோயன்று. ‘சர்ர்ர்’ என்று உரசுவது ஆய்தம். ஹெட் தகட்டையே சீவுகிறது என்று பொருள், உடனே அணைக்க. நான்காவதே இக்கட்டுரையின் நாயகன். சீரான இடைவெளியில் ‘டக்… டக்… டக்…’ என்று வந்து, பிறகு மோட்டாரே நின்றுபோகும் முற்றியல் கிளிக்கு.

முற்றியல் கிளிக்கு பிறப்பதெப்படி? தகட்டில் ஹெட்டுக்கு வழிகாட்டும் குறிகள் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கும். பழுதான ஹெட்டால் அவற்றைப் படிக்க முடியாது. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத கை, தொடங்கிய இடத்துக்கே ஓடிவந்து முட்டிக்கொண்டு மறுபடி கிளம்புகிறது. அதுவே ‘டக்’.

இவ்வொலிகளைக் கேட்கும் முறையும் வரையறுக்கத்தக்கது. இரவு பதினொரு மணி. ஃபேனை நிறுத்தியாயிற்று, டிவியைக் குறைத்தாயிற்று. டச்பேடுக்குப் பக்கத்தில் காதை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார் வீட்டுக்காரர். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, “என்னங்க, மூச்சு இருக்கா?” என்கிறார். நோய் நாடலில் இதைவிடச் சரியான கேள்வி இல்லை.

இனி, டிஸ்க் பேசுவது மட்டுமன்று, கேட்கவும் செய்யும் என்ப. இது விளையாட்டன்று. 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பிரெண்டன் கிரெக், அடுக்கி வைத்த டிஸ்குகளைப் பார்த்து ஓங்கிக் கத்தினார். அவை பதில் தரும் நேரம் நீண்டதை வரைபடம் காட்டியது. 2016-இல் புக்கரெஸ்டில் ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு வாயுவைச் சோதித்துப் பார்த்தபோது, வாயு பீறிட்ட சத்தத்திலேயே டிஸ்குகள் பல படுத்தன. ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ பாட்டோ இன்னும் கொடியது. அதன் ஒரு சுருதி சில 5,400 சுற்று லேப்டாப் டிஸ்குகளின் இயல்பதிர்வோடு ஒத்துப்போக, பாடிய லேப்டாப் மட்டுமல்ல, பக்கத்தில் சும்மா இருந்த லேப்டாப்பும் சுருண்டது. கடைசியில் அந்த அலைவரிசையை வெட்ட உற்பத்தியாளர் ஒலிப்பாதையில் ஒரு வடிகட்டி வைத்தாராம். மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2022-இல் இக்கதையைச் சொன்ன கையோடு, அப்பாட்டு கணினிப் பாதுகாப்புக் குறைகளின் அதிகாரபூர்வப் பட்டியலிலும் ஏறிவிட்டது. லேப்டாப்பைத் திட்டுகிறவர்கள் குரலைத் தாழ்த்தித் திட்டுவது நலம்.

காது மந்தமானவர்களுக்கு எண் உண்டு. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதைப் படிக்கலாம். 5-ஆம் வரி, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் வரிசையில் நிற்பவை. இவை பூச்சியத்தைவிட்டு நகர்ந்து ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் மூட்டை கட்டுகிறது. 199 மட்டும் ஏறினால் டிஸ்கைப் பழிக்க வேண்டாம். குற்றம் பெரும்பாலும் கேபிளிலோ கனெக்டரிலோ இருக்கும், கழற்றி மாட்டினாலே சரியாகலாம். ஆனால் ஏடு பொய்த்ததும் உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, செத்த டிஸ்குகளில் 36 விழுக்காடு ஸ்மார்ட் ஏட்டில் பிழை ஒன்றையும் காட்டாமலே போய்ச் சேர்ந்தன.

சிகிச்சையில் மரபுகள் பல. தட்டுநர், லேப்டாப்பின் முதுகில் தட்டுவர். விளைவு, ஹெட்டுக்கு இன்னொரு அடி. குளிரூட்டுநர், பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வைப்பர். ஹெட் தகட்டிலேயே இறங்கி ஒட்டிக்கொண்ட பழைய டிஸ்குகளுக்கு அதில் ஏதோ நியாயம் இருந்தது. இப்போது ஹெட் மேடையில் உட்காருவதால் மிஞ்சுவது தகட்டில் வியர்க்கும் ஈரம்தான். மூன்றாமவர் செக்டிஸ்க் ஓட்டுநர். இவர்கள்தாம் ஆபத்தானவர்கள், ஏனெனில் படித்தவர்கள். அந்தக் கட்டளை கோப்பமைப்பைச் செப்பனிடப் பிறந்தது. நொந்த டிஸ்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்கவைத்து, அதன்மேல் எழுதவும் செய்யும். சரியான வரிசை வேறு: கிளிக்கு இல்லையென்றால் முதலில் நகல், பிறகே வைத்தியம். டிடிரெஸ்க்யூ என்னும் இலவசக் கருவி நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். கிளிக்கு இருந்தால் அணைத்துவிட்டு, தூசில்லா அறை வைத்திருக்கும் மீட்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அங்கே அற்புதங்கள் நடந்ததுண்டு. 2003-இல் கல்பனா சாவ்லாவோடு சிதறிய கொலம்பியா விண்கலத்தின் இடிபாடுகளில், கருகிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்தது. அதிலிருந்த செனான் வாயுச் சோதனைத் தரவில் ஏறத்தாழ 99 விழுக்காட்டை குரோல் ஆன்ட்ராக் நிறுவனம் மீட்டது. சோஃபாவிலிருந்து விழுந்த டிஸ்குக்கு இந்த அதிர்ஷ்டம் உறுதியில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது அது தாங்கும் அதிர்ச்சி, பல மாடல்களில், நிறுத்தி வைத்தபோது தாங்குவதில் பாதிகூட வராது.

மீட்பகத்துக்காரர் எல்லாக் கோப்பையும் ஒரே மூச்சில் எடுக்கமாட்டார். ஹெட் எவ்வளவு நேரம் உழைக்கும் என்று தெரியாதல்லவா? ஆகவே கேட்பார்: “சார், எது முதல்ல வேணும்? ஃபோல்டர் பேரு சொல்லுங்க.”

“டெஸ்க்டாப்ல நியூ ஃபோல்டர்னு இருக்கும் தம்பி.”

“சரி.”

“அதுக்குள்ள இன்னொரு நியூ ஃபோல்டர் இருக்கும். அதையும் திறந்தீங்கன்னா நியூ ஃபோல்டர் ரெண்டு. பொண்ணு கல்யாண வீடியோ அதுல இருக்கணும்… இல்லேன்னா மூணுல பாருங்க.”