வீட்டுக்கொரு ரம்பம்

பெறுநர்: ஆணையர் அலுவலகம், தாம்பரம் மாநகராட்சி.
நகல்: மின் பகிர்மானக் கழகம், நெடுஞ்சாலைத் துறை.
பொருள்: வீட்டு உபயோகத்துக்கு மின் ரம்பம் வாங்குதல் – வழிகாட்டுதல் கோருதல் – தொடர்பாக.
பார்வை: 12.12.2016 அன்று நேரில் வந்து சென்ற வர்தா புயல்.

மதிப்புக்குரிய அலுவலகத்துக்கு,

தாம்பரத்துக் குடித்தனக்காரர் ஒருவர் ரம்பம் வாங்கப் புறப்பட்டிருக்கிறார். சேலையூரில் இருப்பார், இல்லையென்றால் முடிச்சூர் சாலையில் இருப்பார். எங்கே இருந்தாலும் வாசலில் ஒரு மரம், அதை உரசிக்கொண்டு ஒரு மின்கம்பி, இரண்டுக்கும் அடியில் தவணை முடியாத ஒரு கார். ஐப்பசி பிறந்தால் அவருக்குத் தூக்கம் கெடுவது இந்த மூன்றையும் நினைத்துத்தான்.

மாநகராட்சி இருக்கும்போது இவர் எதற்கு ரம்பம் வாங்க வேண்டும்? விழுந்த மரம் யாருடையது என்று கண்டுபிடிக்கும் முறை அவருக்கு அத்துப்படி. வேர் ஜி.எஸ்.டி. சாலையோரம் என்றால் நெடுஞ்சாலை ஆட்கள். உட்தெரு என்றால் மாநகராட்சி. கிளை கம்பியில் சாய்ந்திருந்தால் இ.பி. வந்து லைனை நிறுத்தும்வரை எவரும் கை வைக்கக் கூடாது, அது நியாயமும்கூட. காம்பவுண்டுக்குள் விழுந்த பகுதி மட்டும் சகல பாத்தியதைகளுடன் அவருக்கே. அடிமரம் மக்கும் குப்பைதான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. பச்சைக் கூடையில்தான் கொள்ளாது.

வர்தாவை அலுவலகம் நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லை. அப்போது தாம்பரம் நகராட்சி. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி ஆனது 2021 நவம்பரில். ஆகவே கோப்பில் இல்லாததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மணிக்கு 110, 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்து, பூங்கா வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. சாலையோரம் அழகுக்கு நட்ட குல்மோகரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வேரோடு படுத்தன. வேம்பும் பூவரசும் ஓரளவு தாக்குப்பிடித்தன. அந்த நாட்களில் ஊரிலேயே மரியாதைக்குரிய பொருள், அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் கையில் இருந்த பெட்ரோல் ரம்பம்தான்.

மரம் வெட்ட ஆள் கிடைத்தால் கூலி கொடுக்க வேண்டுமே. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பல ஏ.டி.எம்.களில் பணம் இல்லை; பணம் இருந்த ஏ.டி.எம்.மில் கரன்ட் இல்லை.

இந்தக் கடைசி விஷயம்தான் நம் குடித்தனக்காரரைக் குழப்புகிறது. மின் ரம்பம் கட்டாயம் தேவைப்படும் நாளும் மின்சாரம் கட்டாயம் இராத நாளும் ஒன்றாகவே வருகின்றன. இதை எந்தக் கம்பெனியும் பெட்டியின் மேல் அச்சடிப்பதில்லை. வாட், ஆர்.பி.எம். இரண்டையும்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்.

ஹார்டுவேர் கடைக்காரர் எடுத்து நீட்டுவது மார்பிள் கட்டர். “சார், டைல்ஸும் அறுக்கும், பிளேடை மாத்தினா மரமும் அறுக்கும். நம்ம ஆசாரிங்க எல்லாம் இதுதான் வெச்சிருக்காங்க.” அவர் சொல்வது பொய்யில்லை. தென்சென்னையில் புதுவீட்டு வேலை நடக்கும் எந்தத் தெருவிலும் நாலு அங்குலப் பல் பிளேடு மாட்டிய மார்பிள் கட்டர் பிளைவுட்டைக் கிழிக்கும் சத்தம் கேட்கும். நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று வேகம், ஆனால் பிளேடின் கீழ்ப்பாதிக்கு மூடி கிடையாது. மரத்துக்கென்றே செய்த ஏழே கால் அங்குல வட்ட ரம்பம் அதில் பாதி வேகம்கூடச் சுற்றாது. வெட்டி முடித்துத் தூக்கியதும் ஸ்பிரிங் மூடி தானாக வந்து பிளேடை மறைக்கும். விரல்கள் பத்தும் தேவைப்படுகிறவர் பார்க்க வேண்டியது இந்த மூடியைத்தான். கடைக்காரரோ வாட்டைப் பற்றியே பேசுகிறார்.

ஆனால் வட்ட ரம்பம் பலகைக்கு. அது ஆறு சென்டிமீட்டர் சொச்சம் ஆழம் இறங்கும், கிளைக்கு ஆகாது. லாஃப்ட் கதவு, பூஜை அலமாரி என்று வளைத்து நெளித்து அறுக்க வேண்டுமானால் ஜிக்சா போதும். 1946இல் சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் காஃப்மன் என்ற பொறியாளர் மனைவியின் தையல் மிஷினில் ஊசியைக் கழற்றிவிட்டு பிளேடைப் பொருத்திப் பார்த்ததில் பிறந்தது அது. (அந்த அம்மாள் என்ன சொன்னார் என்பதைத்தான் வரலாறு எழுதி வைத்திருக்க வேண்டும்.)

கிளைக்குச் செயின்சாதான். ஒயர் வைத்த செயின்சா 2000 வாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். போர்ட்டிகோவில் இருப்பதோ 6 ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட், 1380 வாட்டோடு அதன் சக்தி தீர்ந்தது. சமையலறை கிரைண்டர் பாயின்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து, ஈரத் தரையில் நின்று மரம் அறுப்பது பற்றி மின் பகிர்மானக் கழகம் என்ன நினைக்கிறது என்று தெரிவித்தால் நல்லது. பெட்ரோல் செயின்சாவுக்குக் கரன்ட் வேண்டாம். டூ-டி ஆயிலைச் சரியான அளவில் கலக்க வேண்டும், செயினுக்குத் தனி எண்ணெய் ஊற்ற வேண்டும், சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் அனுமதிப்பது 55. அது போகட்டும், ஜி.எஸ்.டி. சாலை ஹாரன்கள் அந்த விதியைப் படித்ததில்லை.

எந்தச் செயின்சாவாக இருந்தாலும் நுனியின் மேல்பாகம் மரத்தில் பட்டால் ரம்பம் அறுப்பவர் முகத்தை நோக்கித் துள்ளும். அதனால் செயின் பிரேக் இல்லாததை வாங்கக் கூடாது, ஏணியில் நின்று இயக்கக் கூடாது, தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. நம்மவர் அறுக்க நினைக்கும் கிளை மொட்டைமாடிச் சுவருக்கு மேலே இருக்கிறது.

ஆகவே கோரிக்கை எளியது. மாநகராட்சியில் 70 வார்டுகள். வார்டுக்கு ஒரு நல்ல பெட்ரோல் செயின்சா, அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஒருவர், அவருக்கு ஹெல்மெட், கண்ணாடி, காதுக்கவசம், கையுறை, முறையான சம்பளம். மழைக்கு முன்பே கிளைகளைக் கழித்துவிட்டால் இன்னும் சிறப்பு. அப்படி ஓர் ஏற்பாடு வந்தால் குடித்தனக்காரர் ஜிக்சாவோடு திருப்தி அடைந்து, மூன்று தீபாவளியாக மனைவி கேட்கும் செருப்பு ஸ்டாண்டைச் செய்யத் தொடங்குவார்.

பதில் அக்டோபர் முதல் வாரத்துக்குள் கிடைத்தால் நலம். அதற்குப் பிறகு, மழை வெள்ளம் சூழும் முடிச்சூர்ப் பக்கம் தபாலை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

இப்படிக்கு,
தாம்பரத்துக் குடித்தனக்காரருக்காக.

இணைப்பு: மரத்தின் புகைப்படம் 1, காரின் புகைப்படம் 1 (விழுவதற்கு முன் எடுத்தது).