கமிட்டிக்காரனுக்கு ஒரு கெழட்டு யோசனை

எய்யா, நம்ம வேதக்கோயில் சேகரக் கமிட்டித் தேர்தல்ல ஜெயிச்சிட்டியாமே, சந்தோஷம். சட்டமன்றத் தேர்தலுக்குக்கூட நம்ம ஊருக்கு இத்தனை வேன் வந்ததில்ல. ஜெயிச்ச கையோட நீ பேசுன பேச்சையும் கேட்டேன். கோபுரத்தை இன்னும் இருபதடி உசத்தணும், உள்ள ஏசி மாட்டணும், பாட்டு தெரியுத மாதிரி பெரிய டிவி வைக்கணும். தாராளமா செய்யி. பாட்டுப் புஸ்தகம் தூக்கிக் கை வலிக்குதவன் எல்லாம் உன்னை வாழ்த்துவான்.

ஒரு கணக்கை மட்டும் வெளிய சொல்லிராத. ஞாயித்துக்கிழமை ஆராதனை ரெண்டு மணி நேரம். வாரத்துக்கு 168 மணி நேரம். மிச்சம் 166 மணி நேரமும் கோயிலுக்குள்ள குடியிருக்கது வவ்வாலு. வவ்வாலுக்கு ஏசி போட்டுக் குடுத்த ஊருன்னு நமக்கு ஒரு பேரு வரப்போவுது, அதை நான் கெடுக்க மாட்டேன்.

முன்னால இருந்தவியளுக்கு இந்த வெவரம் பத்தல, கேட்டியா. இரேனியஸ் ஐயர்னு ஒரு ஜெர்மன்காரரு 1820ல பாளையங்கோட்டைக்கு வந்தாரு. வேதத்துக்கு வந்த சனங்களை ஊரை விட்டு விரட்டுனாவ. மத்தவரா இருந்தா, ஜெபத்துல தரிச்சிருங்கன்னு சொல்லி அனுப்பியிருப்பாரு. இவரு தர்ம சங்கம்னு ஒண்ணை ஆரம்பிச்சு, நிலம் வாங்கி, அதுல அவியளைக் குடிவச்சாரு. அவருக்கும் முன்னால, 1799ல முதலூர் உண்டானதும் இப்படித் துரத்தப்பட்ட சனத்துக்காவத்தான். அடிக்கல் நாட்டு விழா, உபயதாரர் பட்டியல் ஒண்ணும் யோசிக்காம முதல்ல குடிசையைப் போட்டுட்டாவ. என்னத்தச் சொல்ல.

இடையன்குடியில கால்டுவெல் ஐயர் 1847ல கோயில் வேலையை ஆரம்பிச்சு 1880லதான் முடிச்சாரு. முப்பத்து மூணு வருஷம்! உன் காண்ட்ராக்டர் காதுல போட்டுராத, அவனுக்கு ஆசை வந்திரும். ஆனா கோபுரம் வரட்டும்னு அவரு ஊரைக் காக்க வைக்கல. தெருவை நேரா அளந்து போட்டாரு, பள்ளிக்கூடம் வச்சாரு. அவரு வீட்டம்மா எலைசா, பொம்பளையளுக்கு லேஸ் பின்னக் கத்துக் குடுத்தாவ. அது அவிய தாயாரு மார்த்தா மால்ட் நாகர்கோவில்ல தொடங்கி வச்ச தொழிலு. அடிமையா கெடந்த பொண்ணுவ அந்த லேஸ் காசுல தங்களையே மீட்டுக்கிட்டாவ. பிரசங்கத்துல மீட்பு, மீட்புன்னு கேக்குதோமே, அங்ஙன அது கையில எண்ணுத ரூவாயா இருந்துருக்கு.

பொறவு பாளையங்கோட்டை. 1890ல ஆஸ்க்வித் அம்மா கண் தெரியாத பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாவ. 1895ல ஃபிளாரன்ஸ் சுவென்சன் அம்மா காது கேக்காத பிள்ளையளுக்கு ஆரம்பிச்சாவ. சாரா டக்கர் அம்மா நம்ம சீமையைக் கண்ணாலயே பாத்ததில்ல, ஆனா அவிய பேருல இன்னைக்கும் பொம்பளைப் பிள்ளைய காலேஜ் படிக்குதுவ. நம்ம பெரிய மனுஷன் ஒருத்தரு பக்கத்துத் தெருவையே எட்டிப் பாத்ததில்ல, அவரு பேரு கோயில் சுவருல ஏழு கல்லுல இருக்கு.

வெள்ளைக்காரன் கையில துட்டு இருந்துச்சு தாத்தான்னு நீ சொல்லுவ. 1903ல இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பிச்சது வெள்ளைக்காரன் இல்லலே, நம்ம திருநெல்வேலிக்காரவிய. வெள்ளாளன்விளை அசரியா அதுல ஒருத்தரு. நம்ம காசுல நம்ம ஆளைத் தெலுங்குச் சீமைக்கு அனுப்புனாவ. உலை வைக்குமுன்ன ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்குன்னு ஒதுக்கி வைக்குத பழக்கம் நம்ம பொம்பளையளுக்கு. நீ அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு பூசணிக்காயைப் பத்தாயிரத்துக்கு எடுத்தியே, அதை விடப் பெருசு அந்தக் கைப்பிடின்னு சொன்னா உனக்குக் கோவம் வரும். அதனால சொல்லல.

பழசு எல்லாம் தங்கமும் இல்ல. வடக்கன்குளத்து ரோமன் கோயில்ல சாதிக்கொரு பக்கமா மறிச்சுச் சுவர் இருந்துச்சு, 1910லதான் இடிச்சாவ. நம்ம கோயில்ல சுவர் கெடையாது. அது இல்லாமலே யாரு எங்ஙன உக்காரணும்னு நம்மாளுக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 17 நெனவிருக்கா? ஞாயித்துக்கிழமை. காலையில ஆராதனை முடிஞ்சு வழக்கம்போல பூட்டியாச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாளுல 95 சென்டிமீட்டர் மழை. ராத்திரி நம்ம கீழத்தெருவுல இடுப்பளவு தண்ணி. மேட்டுல இருக்க கட்டடம் கோயில் ஒண்ணுதான். பிள்ளையளைத் தோள்ல தூக்கிக்கிட்டு சனம் வாசல்ல நிக்கி, சாவி வச்சிருக்கவரு திருச்செந்தூர்ல கல்யாண வீட்டுல மாட்டிக்கிட்டாரு. பூட்டை உடைப்போம்னு ஒரு பய சொன்னான். கமிட்டித் தீர்மானம் இல்லாம எப்படி உடைக்கன்னு இன்னொருத்தன் கேட்டான். சத்தியமா கேட்டான், கொட்டுத மழையில நின்னுக்கிட்டு! கடைசியில ஐயரம்மாதான் பின்பக்கம் பாத்திர ரூம் கதவைத் தெறந்து விட்டாவ.

மூணு நாளு. வேதக்காரன், இந்து, துலுக்க வீட்டுப் பிள்ளைய எல்லாம் பெஞ்சுல படுத்துக் கெடந்துச்சு. அசனத்துக்கு வச்சிருந்த அண்டாவுல கஞ்சி. பீடத்துக்குப் பக்கத்துல ஒரு ஆட்டுக்குட்டி, அதை யாரும் வெரட்டல. அடுத்த மாசக் கூட்டத்துல முதல் பொருள் என்னன்னு நெனச்ச? மார்பிள்ல சேறு கழுவுன செலவு. ரெண்டாவது பொருள், கோயிலுக்குப் புதுசா ஒரு பூட்டு.

அதனாலதான் உன்னை எச்சரிக்கேன். கதவைத் தெறந்து போட்டா வம்பு. சாயங்காலம் கரண்டும் நாற்காலியும் கெடைச்சா, டீக்கடையில உக்காந்திருக்க பயலுவ சர்வீஸ் கமிஷன் பரீச்சைக்குப் படிச்சிருவானுவ, பொறவு உனக்கு வேன்ல கொடி பிடிக்க ஆள் கெடைக்காது. நர்ஸ் வேலையில இருந்து ரிட்டயரான பொம்பளைய நம்ம சபையில இருக்காவ. வாரத்துக்கு ஒருநாள் சுகர், பிரஷர் பாக்கச் சொன்னா மேலத்தெரு, கீழத்தெரு எல்லாம் ஒரே வரிசையில நிக்கணும், அது நமக்கு ஒத்துவராது. பிள்ளைய துபாய், சென்னைன்னு போயி, தனியா சோறு பொங்குத கெழடுக இந்த ஊருல தெருவுக்கு நாலு. ஒரு நேரம் ஒண்ணா உக்காந்து சாப்பிட விட்டியோ, பழைய கமிட்டிக் கணக்கை எல்லாம் பேச ஆரம்பிச்சிருவோம்.

இவ்வளவு சொல்லியும் நீ தெறக்கத்தான் போறேன்னா, எனக்கு ஒரே ஒரு காரியம். மூணாவது பெஞ்சுக்கு மேல ஓடுத ஃபேன் என் உபயம். எறக்கையில என் பேரு செவப்புல எழுதியிருக்கு. வாரநாளுல அது ஓடுத கரண்டு பில்லை நான் கட்டுதேன். பேரை மட்டும் அழிச்சிராத. ஓடும்போது எப்படியும் ஒரு பயலாலயும் வாசிக்க முடியாது.