அலாஸ்கா அண்ணாச்சி

சியாட்டில் வட்டாரத்துத் தமிழர்களில் இரண்டு வகை உண்டு. அலாஸ்காவுக்குக் கப்பலில் போய்வந்தவர்கள், போகப்போகிறவர்கள். எங்கள் அண்ணாச்சி மூன்றாவது வகை. மூன்று வருஷமாகக் கப்பல் பார்த்துக்கொண்டிருந்தவர்.

ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட, பஜ்ஜி தின்ற கை காய்வதற்குள் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார்கள். அண்ணாச்சி பதினேழு கப்பல்களின் தளவரைபடங்களை ஜாதகக் கட்டம் மாதிரி விரித்துவைத்துப் பொருத்தம் பார்த்தார். ஏழாம் தளத்து அறை லட்சணமானதுதான். ஆனால் எட்டில் நடனக்கூடம் உட்கார்ந்திருக்கிறது, ராத்திரி முழுக்கத் தலைக்குமேல் குதிப்பார்கள். ஆறாம் தளம் மலிவு. ஜன்னலை மறைத்துக்கொண்டு உயிர்காப்புப் படகு தொங்குகிறது, தோஷம். முன்பக்க அறை ஆடும், பின்பக்க அறை அதிரும். நடுவில் ஆட்டம் கம்மி, ஆனால் லிஃப்டுக்குப் பக்கம். போகிறவர் வருகிறவர் பேச்செல்லாம் காதில் விழும். எல்லாம் எக்செல் தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பாக வண்ணமிட்டு இருந்தது. பச்சையில் மட்டும் எதுவும் மிஞ்சவில்லை.

“கப்பல விடும்வே. முதல்ல எங்கருந்து ஏறணும்ங்கிறதுல்லா கேள்வி?” என்பார்.

அவர் வீட்டிலிருந்து சியாட்டில் துறைமுகம் அரை மணி நேரம். பெட்டியை எடுத்தோமா, ஏறினோமா என்று முடியவேண்டிய விஷயம். ஆனால் சியாட்டிலில் புறப்படும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக்கில் போகும், அலை அதிகம். வான்கூவர் நகரத்திலிருந்து ஏறினால் தீவுக்கும் கரைக்கும் நடுவே, ஆற்றில் போவதுபோல் அசையாமல் போகலாம். அந்த வழியில் சீமோர் நேரோஸ் என்ற குறுகிய நீரிணை வருகிறது. அதன் நடுவே கப்பல்களைக் காவு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பாறையை 1958-இல் அடியில் சுரங்கம் தோண்டி, வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

“பாறையவே வெடிவச்சுத் தூக்கி வழி பண்ணி வச்சிருக்கான். அந்தச் செலவுக்காவது நாம அந்த வழியா போவணும்லா?”

“அப்போ வான்கூவர்னே முடிவு பண்ணிருங்க அண்ணாச்சி.”

“அவசரப்படாதீரும்வே. அம்மைக்குக் கனடா விசா வேணும்.”

“சரி, சியாட்டில்லயே ஏறுங்க.”

இதற்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்வார். “1886-ல அமெரிக்காக்காரன் ஒரு சட்டம் போட்டான். வெளிநாட்டுக் கொடி கட்டின கப்பல், அமெரிக்காவுல ஆளை ஏத்தி அமெரிக்காவுலயே சுத்திக் காட்டி இறக்கணும்னா, நடுவுல ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடணும். அதுக்காவத்தான் முக்காவாசிக் கப்பலும் விக்டோரியாவுல ஒரு ராத்திரி நாலு மணி நேரம் நின்னுட்டு வருது. விக்டோரியா எங்க இருக்கு? கனடாவுல. விசா எப்படியும் வேணும். புரியுதா?”

எனக்குப் புரிந்தது ஒன்றுதான். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் அண்ணாச்சிக்கு முகம் வாடிவிடும்.

அடுத்தது மாதம். மே மாதத்தில் மழை குறைவு. ஆனால் மலைப்பாதைகளில் பனி கிடக்கும். ஜூன், ஜூலையில் பகல் நீளம். கூட்டமும் கட்டணமும் அதைவிட நீளம். ஆகஸ்டில் சால்மன் ஆற்றில் ஏறும், அதைப் பிடிக்கக் கரடி இறங்கும். கூடவே மழையும் இறங்கும். செப்டம்பரில் இருட்டு கூடும், துருவ ஒளி தெரிய வாய்ப்பு உண்டு; ஆனால் கடல் புரளும். இப்படி மாதத்துக்கு ஒரு குறை கண்டுபிடித்து வருஷத்தை முடித்துவிடுவார். அக்டோபரில் கப்பல்காரர்கள் கடையைக் கட்டியதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

பிறகு பனியாறு. ஹப்பார்டா, கிளேசியர் பேயா? ஹப்பார்ட் 120 கிலோமீட்டர் நீளம். மற்றவை பெரும்பாலும் தேய, இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. 1794-இல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது அங்கே விரிகுடா என்று சொல்லும்படி எதுவுமில்லை, பனிச்சுவர்தான் நின்றது. 1916-க்குள் அந்தப் பனி விரிகுடாவின் வாயிலிருந்து 65 மைல் தள்ளிப் போய்விட்டது. பனியாறே 120 சொச்சம் வருஷத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டதே என்று மதினி காபி வைக்கும்போது சொன்னாள். அண்ணாச்சி அதையும் தாளில் குறித்துக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேலானது பால்கனி. இடப்பக்கமா, வலப்பக்கமா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஆறு மாதம். வடக்கே போகும்போது வலப்பக்கம் கரை தெரியும். திரும்பும்போது அதே கரை இடப்பக்கம் வந்துவிடும். போய்த் திரும்புகிற பயணத்தில் எந்தப் பக்கமானால் என்ன என்று கேட்டுவிட்டேன். இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

முடிவெடுத்தது அண்ணாச்சியின் அம்மா, எங்கள் ஆச்சிதான். மூன்றாவது தடவையாக அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த அவர் ஒருநாள் சொன்னார்: “ஏல, எனக்கு ஊருக்குப் போற டிக்கெட்டு வந்துட்டு. ஒன் கப்பலு வருமா, வராதா?”

அன்றிரவே அண்ணாச்சி பதிவு செய்தார். வான்கூவர், ஆகஸ்ட், ஏழு இரவு, கிளேசியர் பே, வலப்பக்கம். இரண்டு அறை மிச்சம் என்று என்னையும் இழுத்துக்கொண்டார். உள்ளறைதான்; எனக்கு எந்தப் பக்கமும் கிடையாது.

பெட்டி கட்டும்போது அண்ணாச்சி மதினிக்கு வரலாறு சொன்னார். 1898-இல் தங்கம் தேடி ஸ்காக்வே வழியாக யூகானுக்குப் போனவர்களை, ஒரு வருஷச் சாப்பாடு உட்பட ஏறக்குறைய ஒரு டன் சாமான் இல்லாமல் கனடா போலீஸ் எல்லைக்குள் விடவில்லையாம்.

“அதுல பருப்புப் பொடி இருந்துச்சா?” என்று கேட்டபடி மதினி மூன்றாவது பாட்டிலை உள்ளே திணித்தாள்.

கெட்சிகனில் மழை. சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெய்கிற ஊர் அது. கணக்குத் தப்பவில்லை என்று அண்ணாச்சி நனைந்துகொண்டே மகிழ்ந்தார். ஜூனோவில் ஆச்சி திமிங்கிலம் பார்த்தார். ஸ்காக்வேயில் மலை ரயில் ஏறினோம். பெட்டிக்குள் இடப்பக்கம்தான் பள்ளத்தாக்கு தெரியும் என்று அண்ணாச்சி சொல்லி முடிப்பதற்குள் இடப்பக்கம் நிரம்பிவிட்டது.

பிறகு அந்த நாள். பூங்கா ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி ஒலிபெருக்கியில் விளக்கினார்கள். அண்ணாச்சி ஒரு வரி முன்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றது. ஒரு மைல் அகலத்துக்கு நீலமும் வெள்ளையுமாய்ச் சுவர். அண்ணாச்சி தம் வலப்பக்கப் பால்கனியில் கல்யாண வீட்டுச் சம்பந்திபோல் நின்றார்.

அப்போது கேப்டன், இரண்டு பக்கத்தாரும் பார்க்கட்டும் என்று, கப்பலை நின்ற இடத்திலேயே மெல்லத் திருப்பினார். பனியாறு நகர்ந்து நகர்ந்து எதிர்ப்பக்கத்து ஜனங்களிடம் போய்விட்டது. ஆறு மாத ஆராய்ச்சி பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஆச்சி மட்டும், “நம்மூருத் தேரு கணக்கா எப்படித் திருப்புதான் பாரு” என்று வியந்தார்.

திரும்பும் வழியில், அன்றைக்கு அனுமதி பெற்ற இரண்டாவது கப்பல் எதிரே வந்தது. பின்னால் பனி உடைந்து, பீரங்கிபோல் சத்தம் கேட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். அண்ணாச்சி அசையவில்லை. “சிவப்புல போட்டு வச்சிருந்தேன்லா, அந்தக் கப்பலுவே. பால்கனியைப் பாரும், எவ்வளவு அகலம்!” என்றபடி கேமராவை எடுத்தார்.

அந்தப் படம்தான் இன்று அவர் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. மலை உண்டு, பனி உண்டு, நடுவில் அந்தக் கப்பல். கிட்டப்போய் உற்றுப் பார்த்தால், அகலமான அந்தப் பால்கனியில் ஒருவர் பனியாற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் கப்பலைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.