படகுக்குப் பூசிய கீல்

ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் படகுக்குக் கீல் பூசுவோம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் படகைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, தகர டப்பாவில் காய்ச்சிய கீலை அப்பா பலகை இடுக்குகளில் அழுத்தித் தேய்ப்பார். விரலில் பட்ட கறை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது. "தண்ணி உள்ள பூந்துட்டா மரம் போச்சுடா" என்பார்.

எங்கள் இறாலும் நண்டும் பொன்னேரிக்குப் போனது தார்ச் சாலையில். கார்த்திகை மழை ஓய்ந்தால் ஜல்லி பெயர்ந்து கிடக்கும். பஸ் திணறிப் போய்ச் சேர்வதற்குள் கூடையில் ஐஸ் கரைந்து இறால் நிறம் மாறிவிடும். பாதி விலைதான் கிடைக்கும். அப்பா சொன்னதுதான் அங்கேயும் நடந்தது. கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் தார் பிடி விட்டுவிடும். அதன்மேல் லாரி ஏறினால் பள்ளம்.

இதற்கு மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் வழி கண்டார். சுமார் 170 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லியில் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக் பையைத் தூவினால், அது உருகிக் கல்லின் மேல் மெல்லிய தோலாகப் படிகிறது. பிறகு தார் சேர்த்தால் தண்ணீர் நுழைய இடமில்லை. கல்லுக்கே கீல் பூசுகிற வேலை இது! 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுக் காட்டினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு கிலோமீட்டர் ஒருவழிச் சாலைக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் செல்லும். அந்த அளவுக்குத் தாரும் மிச்சம்.

அன்று வலையை இழுத்தால் பாசி வரும். இன்று பால் கவரும் மளிகைப் பையும் வருகின்றன. நண்டைப் பிரிப்பதற்கு முன் அவற்றைப் பிய்த்தெடுக்கவே அரைமணி நேரம் ஆகிறது. சாலையோ இன்றும் மழைக்கு மழை பெயர்கிறது. அதற்கு வேண்டிய பொருள் எங்கள் வலையிலேயே கிடக்கிறது என்று நினைக்கையில் நெஞ்சு பொறுக்கவில்லை.

எல்லா பிளாஸ்டிக்கும் ஆகாது. பிவிசி குழாய் சூட்டில் நச்சுவாயு விடும். கிழிந்த நைலான் வலை அந்தச் சூட்டில் உருகவே உருகாது. பிரித்துச் சேர்க்க ஆளும், நறுக்க ஓர் இயந்திரமும் வேண்டும். பழவேற்காட்டுக் குப்பங்களுக்குப் பொதுவாக அப்படி ஓர் இயந்திரத்தை வையுங்கள். கரைக்கு வரும் பையை நாங்களே கழுவி, காயவைத்துக் கொடுக்கிறோம்.